இரண்டு சீட்டுக் காரின் ஆட்டம்

கார் எங்கள் தெருவுக்கு வரவேண்டும் என்று நான் சொன்னதும் காரியஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். பண்ணை வீட்டின் ஆட்களை எல்லாம் கட்டி மேய்க்கிறவர் அவர். தன் காரைச் சரிபார்க்க என்னைக் கையோடு கூட்டி வரச் சொல்லிச் சின்னப் பண்ணையார் அனுப்பியிருந்தார்.

"ஏன்டா, வேலை பாக்குறவன் வண்டி நிக்கிற எடத்துக்குப் போவானா? வண்டி அவனத் தேடி வருமா?"

"டாக்டர் வீட்டுக்கு நோயாளிதான் போவாக" என்றேன். "அங்கன வந்து என்னால வேலை பாக்க முடியாது. வண்டி இங்க வரட்டும். சரி பண்ணுனதும் நானே ஓட்டிக்கிட்டு வந்து மொதலாளி வாசல்ல நிறுத்துறேன். தெரு வழியா ஓட்டித்தான் வருவேன். தள்ளிக்கிட்டு வர மாட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். பண்ணையார் தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிள் ஏறிப் போகக் கூடாது. தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டி, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே உருட்டிப் போக வேண்டும். மறுமுனையில் ஏறிக்கொள்ளலாம். நாட்டில் இரண்டு பொதுத் தேர்தல் முடிந்திருந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் இன்னும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பண்ணையில் உழைத்தே முதுகு வளைந்தவர். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. எனக்கு வயிறு எரியும். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காகவே கம்மாய்க்கரையைச் சுற்றிப் போவேன்.

நான் விருதுநகரில் லாரி ஷெட்டில் நாலு வருஷம் கிடந்து, பிறகு சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பிட்டராகச் சேர்ந்தவன். தீபாவளி முடிந்து ஆர்டர் குறைந்த நாட்கள் அவை. மிஷின்கள் பாதி நேரம் சும்மா நின்றதால் எனக்கும் கை சும்மா இருந்தது.

கார் வெள்ளைக்காரர் ஒருவருடையது. மலை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குப் போகும்போது சின்னப் பண்ணையாருக்கு விற்றுவிட்டுப் போனார். பச்சை நிறம், நீளமான மூக்கு, இரண்டே சீட்டு. வேகம் எடுத்தால் முன்சக்கரம் இரண்டும் குடிகாரன் கால் போலப் பின்னும். சின்னப் பண்ணையார் ஒருமுறை பாலத்துக் கட்டையில் மோதியதோடு ஓட்டுவதை விட்டுவிட்டார். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், இப்போது வரவழைக்க வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு வருஷம் கொட்டகையில் கோழி அடைந்த பிறகுதான் என் நினைவு வந்திருக்கிறது.

மறுநாள் காரியஸ்தர் பதிலோடு வந்தார். சின்னப் பண்ணையார் ஒத்துக்கொண்டார். ஆனால் வேலை முடியாவிட்டால் நானும் அப்பாவும் தெருமுனையில் எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழ வேண்டும்.

"வேணாம்ப்பா" என்றார் அப்பா. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சரின்னு சொல்லிருங்க" என்றேன் காரியஸ்தரிடம்.

கார் மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வரப்பட்டது. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் கார் வந்ததே கிடையாது. வேப்பமரத்தடியில் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, முன்பக்கத்தை முழுசாகப் பிரித்துச் சாக்கில் பரப்பினேன்.

சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு அச்சின் இரு முனையிலும் குத்தாக நிற்கிற தடித்த ஆணிதான் கிங்பின். அது சுற்றும் குழாய் புஷ். கிங்பின் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புஷ் இருந்த சுவடே இல்லை. லாரிக் கிங்பின் இரண்டை வாங்கி விருதுநகரில் லேத்துப் பட்டறையில் கொடுத்து அளவுக்கு இழைத்து வாங்கினேன். அச்சகத்தில் கழித்துப் போட்ட ரோலர் புஷ்ஷைக் கேட்டு வாங்கி அதையே கடைந்து போட்டேன். பட்டை ஸ்பிரிங்குகளைப் பிரித்து, ஒடிந்த இலைகளை மாற்றி வளைவு ஏற்றினேன்.

பிரிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பதால்தான் நாம் கையை விட்டு ஓட்ட முடிகிறது. காரின் முன்னச்சுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு ஆப்பைச் செருகி அந்தச் சாய்வையே எடுத்துவிட்டிருந்தார். ஆப்பைப் பிடுங்கி எறிந்ததும் சாய்வு திரும்ப வந்தது.

மீதி இருந்தது ஸ்டியரிங் பாக்ஸ். அதற்குள் திருகு போல வளைந்த பள்ளம், அந்தப் பள்ளத்தில் ஓடுகிற ஒரு முளை. மேல்மூடியை இறக்கினால் முளை பள்ளத்தில் ஆழமாக உட்காரும், ஆட்டம் குறையும். மூடி எவ்வளவு இறங்கலாம் என்று நிறுத்த அதற்கு அடியில் கொடுக்க நான் தேர்ந்தெடுத்தது தீப்பெட்டி லேபிள் தாள். அச்சகத்தில் நாங்கள் எதையும் தாளில்தான் அளப்போம். "ரெண்டு தாள் தூக்கு", "ஒரு தாள் எறக்கு" என்பதுதான் அங்கே பேச்சு. லேபிள் தாளை வார்னிஷில் ஊறவைத்து, மூடியின் வடிவத்துக்கு வெட்டி அடுக்கினேன்.

என் மனைவி வீட்டிலிருந்தே கம்பெனிக்குத் தீப்பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். ஒட்டுகிற பெட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் அடியில் படுத்துக்கொண்டு திருப்பச் சொல்லத் திருப்பினாள். ஆறு தாள் வைத்தேன். ஆடியது. ஐந்து, நான்கு என்று குறைத்தேன். மூன்றில் ஆட்டம் சுத்தமாக நின்றது.

"நேரா இருக்கையில சரியாத்தான் இருக்கு" என்றாள் அவள். "ஓரத்துக்குப் போனா இறுக்குதுங்க. ஒரு தாள் கூட வைங்க."

"மிஷின்ல ஆட்டம் இருக்கக் கூடாது. ஓட ஓட எளகிரும்" என்றேன்.

"பிடிச்சிருக்கவ நான். எனக்குத் தெரியாதா?"

தாளைத் தினமும் விரலில் எண்ணுகிறவள் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. அச்சகத்து ரோலரில் ஆட்டம் இருந்தால் லேபிளில் வர்ணம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்தப் பயம் எனக்கு எலும்பில் ஊறியிருந்தது. காரும் ரோலரும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆனைக்குட்டம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் காரியஸ்தர். நேர் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவரே, "பரவால்லடா" என்றார். அடுத்து ஒரு வளைவு. திருப்பினேன், திரும்பியது. நேராக்கப் பார்த்தேன், முடியவில்லை. சக்கரம் திரும்பிய வாக்கிலேயே பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. வண்டி மெதுவாக ரோட்டை விட்டு இறங்கி, பருத்திக்குள் புகுந்து, ஈரக் கரிசலில் அடிவயிறு பதிய உட்கார்ந்தது. பருத்தியும் பண்ணையாருடையதுதான்.

யாருக்கும் அடியில்லை. காரியஸ்தரின் வேட்டிதான் சேறானது. பத்துப் பேர் சேர்ந்து காரைத் தூக்கி ரோட்டில் விட்டார்கள். தடுமாறித் தடுமாறி எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். மதியமே பண்ணையிலிருந்து ஆள் வந்தது. நாளைக் காலை மாடு வந்து காரை இழுத்துப் போகுமாம். வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் தெருமுனைக்கு வர வேண்டுமாம். "அச்சாபீசுல நாலு எழுத்தப் பாத்துட்டு ரொம்ப ஆட்டம் போடுறான்" என்று பண்ணையார் சொன்னதையும் வந்தவர் மறக்காமல் சொன்னார்.

அப்பா வெள்ளிக்கிழமைக்கென்று வேட்டியை எடுத்துத் துவைக்கப் போட்டார். அதைப் பார்த்ததும் நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் புகுந்தேன்.

காலையில் காரியஸ்தர் மாட்டோடு வந்தபோது ஸ்டியரிங் பாக்ஸ் எங்கள் வீட்டுக்குள் சாக்கின் மேல் இருந்தது.

"பாக்ஸ் இல்லாம வண்டிய எப்படித் திருப்புவீக?" என்று கேட்டேன். "நேராவே இழுத்துக்கிட்டுப் போங்க. எதுக்க கம்மாய்தான் இருக்கு."

"திமிருடா ஒனக்கு."

"இருக்கட்டும். வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு நாள் இருக்குல்ல. அதுவரைக்கும் வண்டி எங்கிட்டத்தான்."

மாடுகள் திரும்பிப் போயின. பாக்ஸைத் திறந்து முளையைப் பள்ளத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தேன். பள்ளம் நடுவில்தான் தேய்ந்திருந்தது. இரு ஓரமும் புதுசு போல இருந்தன. இத்தனை வருஷமும் வண்டி நேராகத்தானே அதிகம் ஓடியிருக்கும். நடுப்பள்ளத்தின் ஆட்டத்தை நான் அடியோடு எடுத்ததால்தான் ஓரத்தில் முளை சிக்கிக்கொண்டது. அவள் சொன்னது அதைத்தான்.

பண்ணைக்குக் குனியாதவன் அன்று பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "நீ சொன்னதுதான் சரி. எத்தன தாள் வைக்க?"

அவள் பசைக்கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவாவது கேட்டீகளே. நாலு வைங்க. பெறகு நான் சொல்றேன்."

முளையை வெளியே எடுத்துத் தேயாத பக்கம் பள்ளத்தைப் பார்க்கும்படி திருப்பி அடித்தேன். நாலு தாள் வைத்தேன். அவள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகத் திருப்பினாள். எங்கேயும் இறுகவில்லை. நடுவில் விரல் கனத்துக்கு ஆடியது. என் கை அரித்தது. "ஆடட்டும். கைய எடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சூலக்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை புறப்படும்போது பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. பருத்திக்காட்டுக்குப் பிறகு காரியஸ்தர் அதில் உட்காரத் தயாராக இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். என் மனைவி சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் செருப்புக் காலோடு, துண்டு தோளில் கிடக்க, வண்டியை எடுத்தேன்.

தெருமுனையில் காரியஸ்தர் குறுக்கே நின்று கையைக் காட்டினார். "இங்கன எறங்கிக்கோ. ஆளுக வருவாக, தள்ளிக்கிருவோம்."

"பேசுனது பேசுனதுதான்" என்றேன். இஞ்சினை ஒருமுறை உறுமவிட்டேன். ஒதுங்கிக்கொண்டார்.

இரு பக்கமும் ஆட்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவின் மண்ணில் முதல்முறையாக உட்கார்ந்தபடி போய்க்கொண்டிருந்தேன். பாதித் தெரு வந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து நெஞ்சுக்கு நேரே கோத்து வைத்துக்கொண்டேன். வண்டி நூல் பிடித்தது போலப் போனது. என் மனைவி முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வாசல் நெருங்கும்போதுதான் மறுபடி பிடித்தேன்.

சின்னப் பண்ணையார் படியிறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

"வண்டியில வந்தாலும் பய தெரு பூராக் கும்பிட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கான். மரியாத விட்டுப் போகல."

"கும்பிடல மொதலாளி" என்றேன். "கைய விட்டாலும் வண்டி நேராப் போகுதான்னு பாத்தேன். போகுது."