பாலம்வரை ஐம்பது விநாடி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தது நான்தான். அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடித்ததும் நான்தான். இரண்டையும் சொல்லி ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. மலேசியாவில், ஜெராமுக்குக் கொஞ்சம் உள்ளே, செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். எங்கள் வரிசையில் வேறு எந்த வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் என்னுடைய வாய்க்கு எதிர்வாய் பேச ஆளும் இல்லை.

அண்ணன் கிள்ளானில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்தான். கடையில் மிஞ்சிப்போன உதிரிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, இரண்டு மாதமாக ஒவ்வொன்றாகப் பையில் கொண்டுவந்து சேர்த்தான். எல்லாம் கிடைத்தது, பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் மதர்போர்டை ஒரு பலகையில் திருகி, வயரெல்லாம் வெளியே தெரியும்படி மேசைமேல் வைத்திருந்தான். அம்மா அதற்குத் தன் பழைய கைலி ஒன்றைப் போர்த்திவிட்டாள். பார்க்கிறவர்கள் யாரோ காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவார், வருவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் அவர் வேலை. அந்த வருஷம் நடுவில், குலை ஏற்றும்போது மேலேயிருந்து ஒன்று சரிந்து அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதற்குமுன் சற்று யோசித்தன. தேநீர்க் குவளையை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

தோட்டத்துத் துரை நல்ல மாதிரிதான். ஜனவரி முதல் சனிக்கிழமை, ஆட்களை மேய்க்கும் மண்டோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலைவரை ஒரு நடை ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார். சரியாக ஓட்டினால் லோரி அப்பாவுக்கு. இல்லாவிட்டால் ஆலை வாசலில் காவல் வேலை. அப்பா எல்லாரிடமும் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டிருந்தான். வளைந்து வளைந்து போகும் ரோடு, எதிரே வரும் வண்டிகள், ஒரு பாலம், அதைத் தாண்டினால் மலை. அம்புக்குறி போட்ட விசைகளை வலது கை விரல்களால் தட்டித் திருப்ப வேண்டும். ஒருநாள் அண்ணன் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “எந்திரிடா, நான் பாக்குறேன்” என்று உட்கார்ந்தார்.

முதல் நாள் முதல் வளைவிலேயே மோதினார். மறுநாளும் மோதினார். ஆனால் விடவில்லை. பள்ளி விடுமுறையாதலால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் பக்கத்தில் இருந்தேன். வளைவு வந்தால் உடம்பையும் சாய்ப்பார். எதிரே வருகிற காரை, “பாரு, ஜெராம் ரோட்டு மாடு மாதிரியே குறுக்க வர்றான் லா” என்று திட்டுவார். ஒரு வாரத்தில் பாலத்தைத் தொட்டார். இன்னொரு வாரத்தில் மலை ஏறினார். குவளை மறுபடி வலது கைக்கு மாறியது. “கை திரும்பிருச்சு” என்று அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். அம்மா அன்றைக்கு இரண்டு துண்டு கருவாடு கூடப் பொரித்தாள்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனான். கடையில் அதே விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதே கார், அதே ரோடு. ஆனால் அங்கே அது பறந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வந்த நிமிஷத்திலிருந்து அண்ணனைப் பிடுங்கி எடுத்தேன்.

“எது பிடிச்சு இழுக்குதுன்னு தேடிப் பாப்போம். ஆனா அவசரப்படக்கூடாது, பாப்பா. ஒரு நாளைக்கு ஒண்ணுதான்” என்றான்.

அவன் சொல்லிக்கொடுத்த முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புறப்படும் இடத்திலிருந்து பாலம்வரை எத்தனை விநாடி என்று அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது. பிறகு ஏதாவது ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். நேரம் மாறாவிட்டால் அதன்மேல் குற்றமில்லை, திரும்ப மாட்டிவிடலாம். பிரிண்டருக்கான அட்டையைக் கழற்றினோம், ஐம்பது. இரண்டாவது டிஸ்க் பெட்டியைப் பிடுங்கினோம், ஐம்பது. மெமரிச் சில்லுகளில் ஒரு வரிசையை எடுத்தோம், அப்போதும் ஐம்பதுதான். அறிவியல் நோட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். ஒரு வாரத்தில் அந்தப் பலகைமேல் இருந்த அத்தனை பேரும் நிரபராதிகள் என்று விடுதலையாகிவிட்டார்கள்.

ஒரு மூலையில் மட்டும் இரண்டு சின்னக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு குட்டிக் கறுப்பு மூடி தொங்கியது. அது என்ன என்று கேட்டேன். “மதர்போர்டோட வந்த தாள்ல போட்டிருக்கும். தாளு சீனத்துல இருக்கு. எனக்கு எங்க தெரியும்?” என்று கைலியை இழுத்து மூடினான்.

மறுநாள் காலையில் அம்மா எண்ணெய் வாங்க அனுப்பினாள். நான் அந்தத் தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் சீனர் மளிகைக் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, கடைசியில் அந்த இரண்டு கம்பிகளின் படத்தின்மேல் விரலை வைத்தார். “சம்போங், லாஜு. தா சம்போங், ஸ்லோ” என்றார். இணைத்தால் வேகம், இணைக்காவிட்டால் மெதுவு. அவர் வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எண்ணெய்க்குச் சில்லறை வாங்கக்கூட மறந்து ஓடிவந்தேன்.

மூடியைக் கழற்றி, இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து மாட்டி அழுத்தினேன். பாலம்வரை முப்பது விநாடி! ஆனந்தத்தில் கத்தியிருப்பேன், வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பாவிடம் சொல்லக்கூடாது, அவரே உட்கார்ந்து ஓட்டி அசந்துபோக வேண்டும் என்று ஆசை. சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அப்பா வந்து உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே கார் வெளியே போய் மோதியது. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார். இரண்டாவது தடவையும் அங்கேயே. மூன்றாவது தடவை வளைவைத் தாண்டி, எதிரே வந்தவன்மேல் மோதினார். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னம்மா இது என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நான்காவது தடவை மோதியபோது திரையைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா ஓட்டினாரா?”

“ஓட்டினாரு. நாலு தடவையும் மோதிட்டாரு” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவன் நேராகப் பின்பக்கம் போனான். நானும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்பா குழாயடியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வேகவேகமாகச் சொன்னான், இவள் மிஷினை மாற்றிவிட்டாள், இதுவரை மெதுவாக ஓடியது இப்போது வேகமாக ஓடுகிறது, கையில் ஒன்றுமில்லை, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று. அப்பா முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்ப இத்தன நாளா நான் ஓட்டுனது மெதுவா ஓடுற காரா?”

அண்ணன் தரையைப் பார்த்தான். இவ்வளவு சுலபமான கேள்விக்கு இவன் ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறான் என்று எனக்குப் பொறுக்கவில்லை. நானே சொன்னேன்.

“ஆமாப்பா, ரொம்ப மெதுவு! பாலத்துக்கு அம்பது செகண்டு. கடையில எல்லாம் முப்பதுதான்.” நோட்டையும் நீட்டினேன்.

அப்பா அதை இடது கையால் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேதிகளையெல்லாம் பார்த்தார். “நல்லா கண்டுபிடிச்சிருக்க, பாப்பா” என்று தலையைத் தடவினார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவன் வேலை செய்த கடையில் அந்தத் தாளைப் படிக்கத் தெரியாதவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு உறைக்க எத்தனையோ வருஷம் ஆனது. யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்; அந்த மூடி எதற்கு என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். ஒரு நாளைக்கு ஒன்று என்று அவன் கணக்கு வைத்துத் தேடியது சனிக்கிழமைவரை என்னை இழுத்துப் பிடிக்கத்தான். அப்பா அன்று லோரியில் ஏறியிருந்தால் நன்றாக ஓட்டியிருப்பாரா, அந்தக் கையோடு ஓட்டியிருக்கத்தான் வேண்டுமா, எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டான். ஆனால் ஏறிப் பார்க்கும் துணிச்சல் அவருக்கு வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டது நான்.

சனிக்கிழமை காலை லோரி எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. அப்பா சட்டை போடாமலே வெளியே போனார். லோரி ஜன்னலோரம் நின்று மண்டோரிடம் இரண்டு வார்த்தை பேசினார். லோரி போய்விட்டது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

எனக்கோ சந்தோஷம். அப்பா இன்றைக்கு நாள் முழுக்க வீட்டில் இருப்பார், புது வேகத்தில் பழக நிறைய நேரம் கிடைக்கும். கைலியை எடுத்தேன், நாற்காலியைத் துடைத்து வைத்தேன், அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார். “நீ ஓட்டு, பாப்பா. நான் பாக்குறேன்” என்று என் பின்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று நான்தான் ஓட்டினேன். வளைவு, பாலம், மலை எல்லாம் தாண்டினேன். பாத்தீங்களாப்பா, பாத்தீங்களாப்பா என்று கத்தினேன். பாத்தேம்மா என்றார். மத்தியானம்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூடத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.