கள்ளிக்குப் பூச்சி கட்ட வந்தவர்

வேலிக்கென்று நட்ட சப்பாத்திக்கள்ளி எங்கள் கடலைக் கொல்லையில் பாதியை விழுங்கிவிட்டது. வெட்டிப் போட்டால் விழுந்த துண்டெல்லாம் வேர்விட்டது. அதை அழிக்கத்தான் சமஸ்தானம் அந்த மனிதரை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் அனுப்பியிருந்தது.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையெங்கும் முள் கிழித்த ஓட்டைகள். கூடை நிறையக் கள்ளி மட்டைகள். அவற்றின் மேல் பஞ்சு அப்பியதுபோல வெள்ளைப் பூச்சிகள். ஒன்றை நகத்தால் நசுக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பாக வழிந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"இந்தச் செவப்புதான் அடையாளம். சப்பாத்திக்கள்ளியத் தவிர வேற எதையும் தொடாதுங்க."

"கள்ளி தீந்துபோனா?" என்றேன்.

"பட்டினியில செத்துப்போகும்."

மட்டைகளைப் புதர்களில் வைத்துக் கட்டினார். ஒவ்வொரு புதர் முடிந்ததும் கூடைக்குத் திரும்புவார். அதன் மூலையில் ஒரு கொட்டாங்கச்சியில் சிறு கடலைச் செடி இருந்தது. அதன் மேலும் பூச்சியை விட்டிருந்தார். குனிந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார்.

நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "தொடாதுன்னீங்களே, பொறகு எதுக்குங்க பாக்குறீங்க?"

கொட்டாங்கச்சியை மெல்லக் கீழே வைத்தார். "தொடாதுன்னு சொல்லித்தான் எங்கிட்டக் குடுத்தாங்க. கீரமங்கலத்துல எனக்கும் கடலைதாங்க."

அடுத்த மழைக்குள் கள்ளி அழுகிச் சரிந்தது. பூச்சியும் காணாமல் போனது. கடலை நன்றாகவே விளைந்தது. அவர் மறுபடி இங்கிட்டு வரவில்லை.

இன்றும் கடலை இலைக்கு அடியில் வெள்ளையாக எதைக் கண்டாலும் நசுக்கிவிடுகிறேன். விரலைத் திருப்பிப் பார்க்கத்தான் தைரியம் வரமாட்டேன் என்கிறது.