பொலிஸ் வாங்கில் நடந்த கிளினிக் வகுப்பு

பொலிஸ் நிலையத்துக்குள் யாரும் கூப்பிடாமல் தானாக நுழைந்த தமிழ்ப் பெண் என்று என் வாழ்நாளில் நான் பார்த்தது, மிஸி என்று நாங்கள் கூப்பிட்ட தாதி ஒருவரைத்தான். வெள்ளை உடுப்பு, தோளில் தோல் பை, வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய மயிர். விடியற்காலைச் சுற்றிவளைப்பில் வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து பெண்கள் எங்களை அள்ளிக்கொண்டுவந்து நீள மர வாங்குகளில் நெருக்கி உட்காரவைத்திருந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் கையில் இருந்தும், தமிழர் என்றால் ஒரு தடவை அங்கே உட்கார்ந்து எழும்பித்தான் போக வேண்டும். யுத்த காலத்துக் கொழும்பு அப்படி. மிஸி பொறுப்பதிகாரியின் மேசைக்கு நேரே போய், இவர்கள் என் கிளினிக்கின் ஆட்கள், விடும்வரை நானும் இங்கேதான் இருப்பேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் கவலையைத் தேடினேன். அகப்பட்டுக்கொண்டீர்களா என்கிற குஷிதான் தெரிந்தது.

குஷிக்குக் காரணம் இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரியான மிஸி எங்கள் பகுதிக் கிளினிக்கில் தாதி. முப்பத்தைந்து தாண்டிய பெண்கள் நோய் நொடி இல்லாவிட்டாலும் வந்து மார்பையும் கருப்பையையும் சோதித்துக்கொள்ளுங்கள் என்று மாதக்கணக்கில் எங்கள் லொட்ஜ் படிகளில் ஏறி இறங்கினார். ஒருத்தியும் போகவில்லை. அங்கே தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள். கனடாவில் இருந்த அத்தானிடம் போகக் காத்திருந்த என் அக்காவும் அதில் ஒருத்தி, நான் அவளுக்குத் துணைக்கு வந்தவள். கிளினிக்கில் ஏதாவது கண்டுபிடித்தால் அது எம்பசிக்குப் போய்விடும், விசாவுக்கு முந்திச் செய்யும் மெடிக்கல் சோதனையில் தட்டிக்கழித்துவிடுவார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். மிஸியின் குரல் கீழே கேட்டாலே குளியலறைக்குள் கூட்டம் நிரம்பிவிடும். "எனக்கொண்டும் இல்லை மிஸி, நல்ல சுகமா இருக்கிறன்," என்று அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வாள். "சுகமா இருக்கிறப்பதான் வரச் சொல்றேன் புள்ள. படுத்ததுக்குப் பொறகு வந்தா நான் என்ன செய்ய?" என்று மிஸி திரும்பிப் போவார்.

இப்போது எங்கே ஓடுவது? "லொட்ஜில கதவைச் சாத்தினீங்க. இங்க சாத்துங்க பாப்போம்," என்று மிஸி தொடங்கினார். மார்பை எந்த விரல்களால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று தன் உடுப்பின் மேலேயே காட்டினார். காவலுக்கு நின்ற ஆண்கள் கூச்சத்தில் வெளியே நழுவ, எங்கள் பைகளைக் கிளறிய பெண் பொலிஸ் மட்டும் கிட்ட வந்து நின்று பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்தபடி, "வெக்கமாக் கிடக்கு மிஸி," என்றாள். மிஸிக்கு வந்ததே கோபம். "வெக்கமா? சந்திக்குச் சந்தி பொம்பளை பொலிஸ் உங்க நெஞ்சைத் தடவிப் பாக்குறா. கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அது அவங்க பாதுகாப்புக்கு. உங்க பாதுகாப்புக்கு ஒரு நாள் எங்கிட்ட காட்டினா மானம் போயிருமா?" "எம்பசிக்குத் தெரிஞ்சா..." என்று அக்கா இழுத்தாள். "ரிசல்ட் உங்க கைக்குத்தான் வரும். எம்பசிக்காரன் வந்து நின்னாலும் எங்கிட்ட இருந்து ஒரு சொல் வராது." குறுகி உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல முதுகை நிமிர்த்தினார்கள். மத்தியானம் எங்களை விட்டதும் லொட்ஜுக்குத் திரும்பாமல் மிஸியின் பின்னால் கிளினிக்குக்கு நடந்தோம்.

அக்காவின் இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அவளுக்கே தெரியாத கட்டி. புற்றுநோய்தான், ஆனால் தொடக்கம் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், விசா மெடிக்கல் தள்ளிப்போனது. கிளினிக்குக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்நேரம் பிளேன் ஏறியிருப்பாய் என்று லொட்ஜில் சிலர் அவள் காதுபடவே சொன்னார்கள். ஏறியிருப்பாள்தான், கட்டியும் கூடவே ஏறியிருக்கும். அதைச் சொல்லி நான் அவர்களோடு சண்டை பிடித்தேன், இன்றைக்கும் பிடிப்பேன். அக்கா இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் அதே வெள்ளவத்தையில் இருக்கிறேன், வருடம் தவறாமல் போய்ச் சோதித்துக்கொள்கிறேன்.

கட்டியை வெட்டி ஒரு வருடத்துக்குமேல் கழித்து அக்கா விசா மெடிக்கலுக்குப் போனபோது, இங்கிலீஷ் பேச நானும் கூடப் போனேன். தழும்பைப் பற்றிக் கேட்டால் ஏதோ பழைய கொப்புளம் என்று சமாளிக்கும்படி ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. டொக்டர் கேட்டார். அந்தக் கொப்புளக் கதையை நான் தொடங்க, அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ளதைச் சொல்லு. கான்சர் வந்தது. அது என்னைப் பிடிக்க முந்தி நான் அதைப் பிடிச்சனான் எண்டு சொல்லு."