அப்பாவின் பெயரை எழுதவா, விடவா?

போன வெள்ளிக்கிழமை திரேசம்மா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் இந்தியாவிலிருந்து வந்த கடிதம். பிரிக்காத கடிதம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. முல்லைத்தீவுக் கரையை விட்டு உடையார்கட்டுக்கு இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து அவருக்குக் கடிதம் வாசிப்பவனும் எழுதிக் கொடுப்பவனும் நான்தான்.

“வாசியுங்கோ மாஸ்ரர்” என்றார். உட்காரவில்லை.

எனக்கு அதைப் பிரிக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்வதானால் ஆவணி மாதத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் கிழமை இந்தப் பத்திக்கு விஷயம் கிடைக்காமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிற பத்திரிகை இது. தாளுக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது சும்மா எதையாவது எழுதி நிரப்பலாமா? பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்று காத்திருந்தேன். விறகு, குப்பி விளக்கு, ரியூப் இல்லாத சைக்கிள்... நம் வீடுகளில் நடப்பதெல்லாம் ஒரு கதையா?

அப்போதுதான் அக்காவின் மகன் அன்ரனின் கடிதம் வந்தது. வள்ளமேறிப் போனவன், தமிழ்நாட்டு முகாமொன்றில் இருக்கிறான். எழுதியது நாலைந்து வரிதான்.

“கார்த்திகையில ஆத்துமாக்கள் திருநாள் வருது. பூசையில வாசிக்கச் செத்தவையின்ர பேரைச் பங்குச் சுவாமியிட்டை எழுதிக் குடுக்கவேணும். அப்பாவின்ர பேரை எழுதவோ, விடவோ? சுகம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ.”

அக்கா திகைத்துப் போனார். “மனுசன் வீட்டில குந்திக்கொண்டிருக்கிறார். இவனுக்கு என்ன விசரே?”

பைத்தியமில்லை. பிழை என்னுடையது.

இரண்டு வருடங்களுக்கு முன் அன்ரனின் சித்தப்பா மலேரியாவில் இறந்தார். தூரத்தில் தனியாக இருப்பவனுக்குச் சாவை அறிவிக்க நம்மவர்களுக்கு மனம் வராது. அழுதால் தேற்ற ஆளில்லை, சாப்பிடமாட்டான் என்பார்கள். நானும் “சித்தப்பா உட்பட எல்லோரும் நலம்” என்று எழுதினேன். ஒரு வருடம் முழுக்க அவன் இறந்தவரைச் சுகம் விசாரித்தான். ஒரு வருடம் முழுக்க நானும் சுகம் என்றே எழுதினேன். பிறகு புதிதாக முகாமுக்குப் போன யாரோ அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் என் ‘சுகம்’ அவனிடம் செல்லுமா?

அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எப்படி நம்ப வைப்பது? அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணைக்கும் எழுதத் தெரியாது. கைநாட்டா? யாரும் வைக்கலாம். படமெடுத்து அனுப்பவா? பிலிமுக்கு எங்கே போவது?

“அண்ணை பகலிலை என்ன செய்யிறவர்? அதை எழுதுவம்” என்றேன்.

“கடலும் இல்லை, வலையும் இல்லை. என்னத்தைச் செய்யிறது? எழுத ஒண்டுமில்லை மாஸ்ரர்.”

எழுத ஒன்றுமில்லை! காலையில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிய அவர்களுடைய கொட்டில் வீட்டுக்குப் போனேன். அண்ணை எழும்பி வெளியே வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி மெல்ல உதிர்த்தார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்.

“சோளகக் காத்துக் கடுமையா நிக்குது. இண்டைக்கு வள்ளம் இறக்கேலாது.”

எந்த வள்ளம்? கரையில் விட்டு வந்த வள்ளம் இப்போது இருக்கிறதோ, இல்லையோ. கடலோ எங்கேயோ இருக்கிறது.

குசினி அடுப்படியிலிருந்து அக்கா சலித்துக்கொண்டார். “வந்த நாளிலயிருந்து ஒவ்வொரு நாளும் இதுதான். விடிஞ்சா காத்துப் பார்ப்பார். குளத்து மீனைச் சமைச்சுக் குடுத்தா, சேறு மணக்குதெண்டு முகத்தைச் சுழிப்பார்.”

“இதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை அக்கா?”

“இதென்ன சொல்லுற கதையே?”

அங்கேயே இருந்து எழுதினேன். மண், காற்று, வள்ளம், சேறு மணக்கும் மீன் எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். சித்தப்பா விஷயத்தில் பொய் எழுதியவன் நான்தான் என்பதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

“உந்தக் கதையெல்லாம் எழுதுவியளோ?” என்றார் அண்ணை.

“ஓம்.”

அவர் தாளை எட்டிப் பார்த்தார். “அப்ப சோளகம் எண்டு சரியாப் போடுங்கோ. பிழையா எழுதினா அவன் சிரிப்பான்.”

வவுனியாவுக்குப் போன ஒருவர் கையில் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கொடுத்துவிட்டோம். புரட்டாதி, ஐப்பசி போயிற்று. பதில் இல்லை. திருநாள் அன்று கோயிலிலிருந்து வந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “உயிரோட இருக்கிறவருக்கு அங்கை பூசை வைச்சிட்டானோ, மாஸ்ரர்?”

நான் எழுதிய பொய்தானே அவரை அப்படிக் கேட்க வைத்தது? சாதாரணமாக நடப்பதைச் சாதாரணமாக எழுதியிருந்தால் போதும் என்று அப்போதுதான் உறைத்தது.

இதெல்லாம் மனதில் ஓட, வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைப் பிரித்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பாவின்ர பேர் எழுதேல்லை. சித்தப்பாவின்ர பேர் மட்டும் எழுதிக் குடுத்தன். காத்து மாறினா அறிவியுங்கோ.”

அக்கா கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

சோளகம் போய் வாடைக் காற்று தொடங்கிவிட்டது. எழுதிவிட்டோம்.