கண்டியில் செய்த ரோலர்

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அப்பாவுக்கு அந்த ஸ்டோரில்தான் வேலை. கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்கு எண்ணெய் விடுவதும் அவற்றைக் கழுவித் துடைப்பதும் அவர் பொறுப்பு. எல்லா ரோலர்களும் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தவை. அவற்றின் இரும்பு உடம்பில் செய்த ஊரின் பெயர் தடித்த எழுத்துகளில் வார்க்கப்பட்டிருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துகளின் இடுக்கில் படியும் தூசியை ஒரு துணியை விட்டுத் துடைத்து எடுப்பார்.

படிப்பு முடிந்ததும் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதியாமல், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருந்த ஒரு வேர்க்‌ஷொப்பில் சேர்ந்தேன். முதலாளி கண்டி டவுன் தமிழர். அவர் குடும்பத்துக்கு டவுனில் இரும்புக்கடை இருந்தது. கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. உலை ஒன்று, கடைசல் மெஷின் இரண்டு, ஒரு தகரக் கொட்டகை என்று தனியாகத் தொடங்கிவிட்டார். வார்ப்பு வேலைக்கு ஒரு சிங்களவர் இருந்தார். கைத்தொழில்காரரைச் சிங்களத்தில் அழைப்பதுபோல் அவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். மண்ணில் அச்சுப் பிடிக்கவும், உருகிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லவும் அவரிடம்தான் நான் கற்றேன்.

அது அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம். தோட்டங்களில் மெஷின்கள் ஒன்றொன்றாக நிற்கத் தொடங்கின. ரோலரின் மேசையில் பிறை வடிவில் பித்தளைப் பட்டைகள் பதிந்திருக்கும். கொழுந்து அவற்றில் உரசித்தான் சுருளும். பட்டை தேய்ந்தால் தேயிலை தேயிலையாக வராது. அந்தப் பட்டைகூட அதுவரை கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது.

முதலாளி கோபமாக ஒருநாள் சொன்னார்.

“நூறு வருசத்துக்கு மேல தேயில விக்கிறோம். அதுல வந்த காசு மெஷினுக்கும் பட்டைக்கும்னு திரும்ப அங்கயே போயிருது. தேயில வெல ஏறும், எறங்கும். மெஷின் வெல எறங்கி எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

பாஸ் தேய்ந்த பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செய்ய ஏலும் மாத்தயா. மொத தரம் சரிவராது. ஏசப்படாது.”

அவர் சொன்னபடியே முதல் தரம் சரிவரவில்லை. பட்டை முழுக்கப் பொத்தலாக இருந்தது. முதலாளி ஏசவில்லை. அதை உருக்கி மறுபடி ஊற்றினோம். சில வாரம் கழித்துக் கண்ணாடிபோல ஒன்று வந்தது. அதன்பின் நாவலப்பிட்டி, ஹந்தானை என்று தோட்டம் தோட்டமாக ஓர்டர் வந்தது. எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பட்டை பொருத்த நானே போனேன். அப்பா மேசையைக் கையால் தடவிப் பார்த்தார்.

“இது எங்க செஞ்சது?”

“கட்டுகஸ்தோட்டையில. நானும் பாஸும் ஊத்துனது.”

அப்பா நேரே ஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கரிடம் போய், “ஐயா, எம் மகன் செஞ்சதாம், வந்து பாருங்க” என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார். டீமேக்கரை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. கப்பல் கப்பலாகச் சாமான் வந்தது. எங்களுடையதைப் போன்ற பட்டறைகள் பல மூடப்பட்டன. எங்களுக்கும் வேலை குறைந்தது. உலை வாரத்தில் ஒருநாள் எரிந்தால் பெரிது. முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டார். மூடப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

“உதிரிச்சாமான் இனி எங்கயும் கெடைக்கும். முழு ரோலரா செய்வோம். என்ன சொல்றீங்க?” என்றார்.

பாஸ் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் தொடங்கியதுதான். முதல் ரோலர் ஓடும்போது கொட்டகையே ஆடியது. இரண்டாவது ஓரளவு அடங்கியது. மூன்றாவதை ஹந்தானையில் ஒரு ஸ்டோர் வாங்கியது. கண்டி, இலங்கை என்று அதன் உடம்பில் இங்கிலீஷில் எழுத்து வார்க்க வேண்டும் என்று பாஸ் பிடிவாதமாக நின்றார். எழுத்துகளை மரத்தில் செதுக்கியது நான்.

சில வருடங்களில் கென்யாவிலிருந்து ஓர்டர் வந்தது. அங்கே பெரும்பாலும் மணி மணியான தூள் தேயிலைதான் செய்வார்கள். நம்முடையதுபோல் சுருள் இலைத் தேயிலையும் செய்து பார்க்க ஒரு தொழிற்சாலை விரும்பியதாம். எனக்குப் பழக்கமான டீமேக்கர் ஒருவர் இதைக் கேட்டதும் கொதித்துப் போனார்.

“ஒங்களுக்கு என்ன பைத்தியமா? நம்ம தேயிலைக்குப் போட்டியா நிக்கிறவனுக்கு நம்மளே மெஷின் செஞ்சு குடுக்குறதா?”

நான் இதை முதலாளியிடம் சொன்னேன். “நாம குடுக்கலைனா அவன் வேற யார்கிட்டயாவது வாங்குவான். வாங்குறவன் நம்மகிட்ட வந்துருக்கான், அதப் பாருங்க” என்றார்.

மெஷினைப் பொருத்த நான்தான் போக வேண்டும் என்று முடிவானது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று மறுக்கப்பட்டிருந்த இலங்கைப் பிரஜாவுரிமை எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்ததே என் கல்யாணத்துக்குப் பிறகுதான். பாஸ்போட் என்ற ஒன்றை அப்போதுதான் முதன்முதலாகக் கையில் பிடித்தேன். என் பாட்டனார் காலத்தில் எங்கள் ஆட்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது மண்வெட்டி பிடிக்க. நான் கடல் தாண்டியது நாங்கள் செய்த மெஷினை ஓடவைக்க. விமானத்தில் இதை நினைத்து மார்பு விம்மியதை மறைக்க மாட்டேன். என் மனைவிக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. “அங்கயும் தேயிலமலைதானே? இதுக்கா இம்புட்டுத் தூரம் போறீங்க?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மலை, மழை, கூடை சுமந்த பெண்கள், ஸ்டோரின் பச்சை வாசம், எல்லாம் பழகியவையாக இருந்தன. மண்தான் இன்னும் சிவப்பு. எனக்கு உதவியாக, மெஷின் பொருத்தும் அங்கத்திய பிட்டர் ஒருவரைத் தந்தார்கள். என்னைவிட வயதில் இளையவர், நல்ல கெட்டிக்காரர். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் சேர்ந்தால் ஒருவாறு முழுசாகும்.

மெஷின் வந்த பெட்டியைத் திறந்தேன். வழியில் எங்கோ கீழே விழுந்திருக்கிறது. பித்தளைப் பட்டைகளில் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. கண்டியிலிருந்து இன்னொன்று வருவதற்குள் மாதம் போய்விடும். முதல் மெஷினே ஓடவில்லை என்றால் இரண்டாவது ஓர்டர் எப்படி வரும்? ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிட்டர் உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தார். “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டார்.

“மண்ணில் அச்சுப் பிடித்து ஊற்றுவோம்.”

“அப்படியானால் இங்கேயே ஊற்றலாமே” என்றார்.

பக்கத்து டவுனில் அலுமினியச் சட்டி வார்க்கும் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார். திறந்தவெளியில் கரியடுப்பு, ஒரு துருத்தி, குவியலாகக் கறுத்த மண். பாஸ் பார்த்திருந்தால் தன் வீட்டுக்கு வந்ததுபோல் உணர்ந்திருப்பார். பழைய குழாய், பூட்டு, தண்ணீர் மோட்டாரின் பாகம் என்று பித்தளை சேர்த்தோம். உடையாத பட்டை ஒன்றை மாதிரியாக வைத்தேன். உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதனால் மாதிரியின்மேல் துணி ஒட்டி மெழுகு பூசி ஒரு நூல் அளவு பெரிதாக்கினேன். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று பிட்டர் கேட்டார். விளக்கினேன். மண்ணில் எவ்வளவு ஈரம் வேண்டும், காற்றுப் போக எங்கே துளை விட வேண்டும் என்பதையும் அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். முதல் வார்ப்பு ஓரத்தில் பொத்தலாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் ஊற்றியது சரியாக அமைந்தது. அரத்தால் ராவிப் பதித்தோம்.

ரோலர் ஓடியது. வாட்டிய கொழுந்தை மேலே கொட்டினார்கள். கீழே கதவைத் திறந்தபோது கம்பிபோல் முறுகிய இலை சரிந்து விழுந்தது. அந்தத் தொழிற்சாலையின் மனேஜர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, தலையசைத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கை முழுக்கப் பச்சைச் சாறு.

புறப்படும்போது பிட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இனிப் பட்டை தேய்ந்தால் நாங்களே வார்த்துக்கொள்ளலாமா? உங்கள் முதலாளி கோபிப்பாரா?”

“நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். தாராளமாகச் செய்யுங்கள்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு யார் உத்தரவு தந்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

கண்டிக்கு வந்ததும் முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்தார்.

“அப்ப பட்டை யாவாரம் போச்சு.”

“போச்சுங்க.”

“சரி. அவன் செய்ய முடியாததா நாம என்ன செய்யலாம்? மொதல்ல அத சொல்லுங்க.”

பக்கத்தில் நின்ற பாஸ் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “நீ செஞ்சது ஹரி மல்லி” என்று, சரி தம்பி என்பதைத் தன் சிங்களத்தில் சொன்னார்.

அங்கே ஓடவைத்தபோது நான் கவனித்த குறைகளைச் சொன்னேன். பேரிங் சீக்கிரம் சூடாகிறது. மேலிருந்து அமுக்கும் மூடியைக் கையால் திருக ஒரு ஆள் தேவைப்படுகிறது. அடுத்த ஒரு வருடம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். மூடிக்கு மோட்டார் வைத்தோம். பேரிங்குக்குப் புதிய கூடு வார்த்தோம். இந்த முறை பார்த்துச் செய்ய எந்த நாட்டு மெஷினும் எங்கள் முன்னால் இல்லை. எல்லாம் எங்கள் கொட்டகையில் யோசித்தது.

கென்யாக்காரர்கள் எங்களிடம் மறுபடி ஒரு பட்டைகூட வாங்கவில்லை. ஆனால் புதிய ரோலர்கள் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து நாட்டுத் தொழிற்சாலை ஒன்றும் வாங்கியது. துறைமுகத்துக்கு ரோலர் ஏற்ற வரும் கொள்கலன் லொறி எங்கள் ஒடுங்கிய ரோட்டில் திரும்ப முடியாமல் நிற்கும். பஸ்களெல்லாம் ஹோர்ன் அடிக்கும். பாஸ் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் வீசி, பெரிய பொலிஸ்காரர்போல லொறியைப் பின்னால் வரச்சொல்வார்.