வைகாசியோடு நின்ற படம்

மார்கழியில் கட்டிய டப்பாவை ஆனியில்தான் அவிழ்க்க வேண்டும் என்று இருந்தேன். வைகாசியிலேயே ஹவுஸ் ஓனர் அம்மா அதை மொட்டைமாடிக் குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமா இது? எம்மாம் நாளா கட்டி வெச்சிக்கீற?"

கறுப்பு டேப் சுற்றிய பால் பவுடர் டப்பா. அதன் பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை. உள்ளே கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் தாள். கல்லூரியில் கற்றுக்கொண்டது. கிழக்கே பார்த்துக் கட்டிவிட்டால் போதும். தினமும் சூரியன் ஏறும் வழி தாளில் ஒரு கோடாக விழும். மார்கழியில் தெற்கே தள்ளி உதிக்கும் சூரியன் ஆனிக்குள் வடக்கே நகரும்போது கோடுகளும் நகரும். மகள் பிறந்த கையோடு கட்டினேன். அவள் வந்த பிறகு உதித்த சூரியன்கள் எல்லாம் ஒரே படத்தில். எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே வேலை அது.

"போட்டோ எடுக்குற டப்பாக்கா. உள்ள வெறும் பேப்பர்தான்."

"போட்டோவா? என் காதுல பூ சுத்தாத. தொற."

திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும். திறக்காவிட்டால்? கணவர் ஒரகடம் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் இருந்தார், போன் லாக்கரில். கேட்க ஆளில்லை. கட்டும்போதே இந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால் விட்டிருப்பாரா? இடுப்பில் மகள் அழத் தொடங்கினாள். கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பி டேப்பைக் கிழித்தேன்.

அது தப்பாகப் போயிற்று. செம்பு நிறத் தாளில் வரிசை வரிசையாய்ச் சாய்ந்த கோடுகள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"செய்வினை எந்திரம்! கோடு கோடா எழுதிக்கீது பாரு. எம் மருமவளுக்கு ரெண்டு தபா கலைஞ்சிச்சே, எதாலன்னு இப்பதான் தெரியுது."

"ஐயோ அக்கா, அது சூரியன்."

"சூரியன் ஒண்ணுதான்டி கீது. இதுல இம்மாம் கீது?"

மருமகளை மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதில் முக்கி முச்சந்தியில் வீசினால் வைத்தது முறிந்துவிடுமாம். வாளியோடு வந்த அந்தப் பெண் என்னைப் பார்க்கவேயில்லை. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்துவிடலாம் என்று கை நீண்டது.

"உன் கையாலயே முக்கு. வெச்சவதான் எடுக்கணும். இல்லாங்காட்டி வூட்ட காலி பண்ணு."

வைத்தவள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"பண்றோம்" என்றேன். தாளைக் குழந்தையின் துண்டில் சுற்றிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவர் வெளியிலிருந்து கத்தியது வெகுநேரம் கேட்டது.

"ஒரு பேப்பருக்காகவா வீட்ட விட்ட?" என்றார் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர். "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எவன்ட்டப் போயி வீடு கேக்க?" படத்தை அவர் பார்க்கவில்லை. அவர் சொன்னது நியாயம்தான் என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தேன். ஓரமெல்லாம் வெளிச்சம் தின்றிருந்தது. வைகாசி வரைக்குமான கோடுகள் பிழைத்திருந்தன. கீழே கம்பெனி ஷெட்டின் கூரை, தண்ணீர்த் தொட்டி. அசையும் எதுவும் இந்த மாதிரிப் படத்தில் தங்காது. தினமும் மாடியில் நடமாடிய ஹவுஸ் ஓனர் அம்மா அதில் ஒரு நிழலாகக்கூட இல்லை. அற்பத்தனம்தான், எனக்கு அது பிடித்திருந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் வீடு பார்க்கப் போனோம். செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது.

"டப்பா கட்னவங்க நீங்கதான?" என்று கேட்டார் அந்த வீட்டுக்காரர்.

கணவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது. அந்த வீடும் கிடைக்கவில்லை.