இழுக்காமல் விட்ட டிராயர்

பழைய மரச்சாமான்களைச் சோதித்து அசல் என்று சான்று கொடுக்கும் லூயெல்லா போம்ராய் வருகிறாள் என்றால் எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பயம்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் செய்த கல்யாணப் பெட்டி; ஹாட்லி பெட்டி என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். முன்பக்கம் முழுக்க டூலிப் பூவும் இலையும் செதுக்கி, நடுப்பலகையில் கல்யாணப் பெண்ணின் முதலெழுத்துகள் இருக்கும். லூயெல்லா பூவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். கீழ் டிராயரை உருவிக் கவிழ்த்து அடிப்பலகையைத் தடவுவாள். ரம்பக் கோடு நேராக ஓடினால் கைரம்பம், பழையது. வளைந்து ஓடினால் வட்ட ரம்பம், அதாவது நூறு வருஷம் பிந்திய போலி.

“பூவை யாரு வேணா செதுக்கலாம்” என்பாள்.

எங்கள் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கும் பெட்டியை மட்டும் அவள் அப்படிப் பார்க்கவில்லை. இருபத்தொன்பது வயதில் அவள் சான்று கொடுத்த முதல் பெட்டி அது. ஆகஸ்ட் புழுக்கத்தில் மரம் உப்பி டிராயர் இறுகிக் கிடந்தது. தாய் மகளுக்குக் கொடுத்து வந்த பெட்டியை முரட்டுத்தனமாக இழுக்க இங்கே யாருக்கும் மனசு வராது. பூவைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த உறுத்தல்தான் பிறகு எல்லா டிராயரையும் இழுக்க வைத்தது. இதைத் தொட மட்டும் முப்பது வருஷமாகத் துணிவில்லை.

இந்தப் பிப்ரவரியில் பாஸ்டனிலிருந்து வின்ஸ்லோ என்ற அருங்காட்சியகக்காரர் அதைக் கண்காட்சிக்குக் கேட்டார். அவர் வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே லூயெல்லா வந்துவிட்டாள். குளிரில் காய்ந்திருந்த டிராயர் சுலபமாக வந்தது.

“எட்னா, இங்க கைய வை.”

வைத்தேன். வளைவு வளைவாகத் தட்டுப்பட்டது.

“டிராயரை மட்டும் பின்னாடி மாத்தியிருப்பாங்களோ?” என்று கேட்டேன்.

“நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். பூப்பலகையோட முதுகையும் பாத்துட்டேன். அதே ரம்பம்.”

“மூடி வை. யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன். சங்கத்தின் செயலாளர் பேசும் பேச்சா இது? எனக்கு அவள் பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான். நான் வாங்கி வைத்த டோனட்டைக்கூட அவள் தொடவில்லை.

மறுநாள் வின்ஸ்லோ பூக்களைப் பார்த்து மயங்கி நின்றார். டிராயர் பக்கமே போகவில்லை.

“நீங்க பாத்துச் சொன்னதை நான் எதுக்கு மேடம் சோதிக்கணும்? கண்காட்சிப் பத்திரத்துல கையெழுத்து போட்டுடலாம்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. லூயெல்லாவின் கழுத்து சிவந்துவிட்டது. மெல்ல மண்டியிட்டு, டிராயரை உருவி, மேஜைமேல் கவிழ்த்தாள்.

“தடவிப் பாருங்க.”

அவர் தடவினார்.

“அப்போ நீங்க சான்று குடுத்த மத்த பெட்டிங்க?”

இந்தக் கேள்விக்குத்தான் முந்தின நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தாள்.

“அதையெல்லாம் இழுத்துப் பாத்துத்தான் எழுதினேன். ஆனா இனிமே என் வார்த்தைய நம்பிட வேணாம். நீங்களே வீடு வீடாப் போய்ப் பாருங்க.”

அவர் நோட்டை எடுத்தார். தான் சான்று கொடுத்த நாற்பத்து மூன்று வீடுகளின் பெயர்களையும் அவளே ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தாள்.